அதுவாகத் திரும்ப வேண்டும்

அக்கா, கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொள்கிறீர்களா? பாப்பா தூக்கத்தில் காலை நீட்டிவிடுவாள். செருப்பைக் கழற்றிவிடுகிறேன், உங்கள் சேலையில் படாது. ஆங், இப்போது சரி. அந்த மஞ்சள் பையை மட்டும் காலால் தள்ளிவிடாதீர்கள். உள்ளே எலுமிச்சம்பழம். எங்கள் ஊர் முனியப்பன் காலடியில் வைத்து எடுத்து வந்தது. மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றால் மடியில் இவள் இருக்கிறாள்.

ஓசூர் வரைக்கும்தானே? நான் பெங்களூர். தர்மபுரியில் ஏறும்போது நிற்கத்தான் இடம் கிடைக்கும் என்று நினைத்தேன். கண்டக்டர் பாப்பாவைப் பார்த்துவிட்டு, "அந்த டீச்சரம்மா பக்கத்துல உக்காரும்மா" என்றார். டீச்சர்தானே நீங்கள்? என்ன பாடம்? சயின்ஸா? அப்படியானால் நல்லதாகப் போயிற்று. என் வீட்டுக்காரர் பார்க்கும் வேலையைச் சொன்னால் எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் புரிவதில்லை. என் மாமியார் "தண்ணித் தொட்டி ஆபீசு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். ஊரில் பாதிப் பேர் அவர் குடிநீர் வாரியத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு குழாய் இணைப்புக்குச் சிபாரிசு கேட்டு வருகிறார்கள். நானும் மறுப்பதில்லை. "சொல்லிப் பாக்கறேன் மாமா" என்று அனுப்பிவிடுவேன்.

அவர் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறார், டீச்சர். காற்றும் கடலும் எப்படிக் கலங்கி ஓடுகின்றன என்று பார்க்கிற ஆராய்ச்சி. நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு சரி, ஆனால் அவர் சொல்லும் விதத்தில் சொன்னால் எனக்கே விளங்கும். தேர்த் திருவிழாக் கூட்டத்தை நினைச்சுக்கோ கொடி என்பார். என் பெயர் பூங்கொடி. அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருத்தரும் எங்கே போவார் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மொத்தக் கூட்டமும் எந்தப் பக்கம் சாயும் என்று மாடியில் நிற்கிற போலீஸ்காரர் சொல்லிவிடுவார். தண்ணீரும் அப்படித்தானாம். ஒவ்வொரு சுழியின் பின்னாலும் ஓடாமல், எல்லாம் சேர்ந்து என்ன செய்யும், எத்தனைக்கு எத்தனை வாய்ப்பு என்று கணக்குப் போடுவதுதான் அவர் வேலை.

அதற்கு ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள். கிணற்று வாய் அளவு வட்டத் தொட்டி. அதைத் தாங்கி ஒரு இரும்பு மேசை, அந்த மேசை சுற்றிக்கொண்டே இருக்கும். அதுதான் பூமி. அடியில் துளைகள். அவற்றின் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி விட்டால் சின்னச் சின்னச் சுழியாகக் கிளம்பும். ஒன்றை ஒன்று விழுங்கும். விழுங்கி விழுங்கிப் பெரிதாகி, கடைசியில் எல்லாம் ஒரே ஓட்டமாகத் தொட்டியைச் சுற்றி ஓடும். பச்சை வெளிச்சம் ஒன்றைப் பாய்ச்சியிருப்பார்கள், மேலே இருந்து கேமரா படம் எடுக்கும். பார்க்க அழகாக இருக்கும் டீச்சர். தேனு, இவள்தான், தேன்மொழி, அதைக் "கோலம் சுத்துது" என்பாள்.

அந்த ஓட்டத்துக்கு இரண்டு மனசு. ஒன்று செக்குமாடு மாதிரி வட்டமாக ஓடுவது. இன்னொன்று பூவிதழ் மாதிரி வளைந்து வளைந்து, அப்படியே ஒரே இடத்தில் கட்டிப்போட்டது போல நின்றுவிடுவது. மேலே காற்று அப்படி நின்றுவிட்டால் ஒரு ஊரில் மழை விடாமல் கொட்டும், பக்கத்து ஊரில் சொட்டு விழாது. ஒரு மனசிலிருந்து இன்னொரு மனசுக்கு எப்போது மாறும், அதுதான் கேள்வி. தொட்டியை வேகமாகக் கலக்கினால் அடிக்கடி மாறுமாம், அதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அமைதியாக ஓடுகிறபோதும், அபூர்வமாக, மாதக்கணக்கில் ஒருமுறை மாறும் என்று அவருடைய கணக்குச் சொல்கிறது. அதைக் கண்ணால் யாரும் பார்த்ததில்லை. அவர் பார்க்க வேண்டும்.

இதில் முக்கியம் என்ன தெரியுமா? அதுவாகத் திரும்ப வேண்டும். எனக்கு அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார். "ஒருத்தனை யாரோ தள்ளி அவன் விழுந்தா அதுல என்ன கொடி இருக்கு? அதை எழுதி யாருக்கு என்ன? யாரும் தள்ளாம, தானா, நின்ன நிலையில இருந்து விழறான் பாரு, அதுதான் ஆராய்ச்சி." அதனால் அந்த அறைக்குள் கோயில் கர்ப்பக்கிரகத்துக்கு இல்லாத மரியாதை. செருப்பு வெளியே. நாற்காலியை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். மின்விசிறி கிடையாது. தொடாதே என்று மூன்று பாஷையில் எழுதி ஒட்டியிருக்கும். சாப்பாடு கொண்டுபோகும்போது நான் பூனை மாதிரிதான் போவேன்.

தொட்டி பாட்டுக்குச் செக்குமாடாகவே ஓடியது. மாசம் மாசமாக. நான் ஒருநாள் கேட்டேன், "இவ்வளவு நாள் காத்திருந்தாச்சு, இனிமே சீக்கிரம் வந்துடும் இல்லைங்களா?" சிரித்தார். "நாம காத்திருந்தது அதுக்குத் தெரியாது கொடி. ஒவ்வொரு நாளும் அதுக்கு முதல் நாள்தான். காத்திருந்ததெல்லாம் கணக்குல சேராது" என்றார். "அப்ப நம்ம தேனு மாதிரின்னு சொல்லுங்க, நேத்து வாங்கிக் குடுத்த பலூன் அவளுக்கும் கணக்குல வராது" என்றேன். அப்போதெல்லாம் சிரிப்பார்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் ஆயுத பூஜை என்றால் நம் ஊர் மாதிரி பொட்டு வைத்து முடித்துவிட மாட்டார்கள். அவர் ஆராய்ச்சி நிலையத்துப் பட்டறையில் மஞ்சுநாத் அண்ணன் என்று ஒருத்தர், கன்னடக்காரர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். தொட்டி செய்து கொடுத்ததே அவர்தான். அன்றைக்குக் கடைசல் இயந்திரம் முதல் ஸ்குரூ டிரைவர் வரைக்கும் எல்லாவற்றையும் நிறுத்திக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திப் பூ போட்டு, டிபார்ட்மெண்ட் வண்டிக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வாசலில் பூசணிக்காய் உடைத்து, ஒரே கோலாகலம். இந்தத் தொட்டிக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. நிறுத்தவே கூடாதே, எப்படிப் பூஜை போடுவது?

எனக்கு மனசு கேட்கவில்லை. நீங்களே சொல்லுங்கள். ஊரில் இருக்கிற அத்தனை இரும்புக்கும் பொட்டு வைத்துவிட்டு, நமக்குச் சோறு போடுகிற இரும்பை விட்டுவிடுவார்களா? அவரை மஞ்சுநாத் அண்ணன் தீபாராதனைக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். "கொடி, நீ இங்கயே இரு, யாரையும் உள்ள விடாத" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் யாரையும் விடவில்லை. அறையில் நானும் தேனுவும்தான். பூஜைக்குக் கொண்டுபோன பையில் சந்தனம், எலுமிச்சம்பழம், சுண்டல் எல்லாம் இருந்தன. மேசைக் காலில், ஓரமாக, ஒரு பொட்டு. தொட்டியைத் தொடவே இல்லை. மேசைக்குக் கீழே தண்டவாளம் மாதிரி ஒரு வட்டத் தடம் உண்டு, அதில் உருளைகள் ஓடும். அதுவும் சக்கரம்தானே? சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம்தானே முறை? ஒரு பழத்தை எடுத்து முனியப்பனை நினைத்துக்கொண்டு தடத்தில் வைத்தேன். உருளை வந்து ஏறியது, சளக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தேனு கைதட்டினாள். சாறு கொஞ்சம் வழிந்தது, முந்தானையால் துடைத்துவிட்டேன். தோலை எடுத்துக் கூடைக்குள் போட்டேன். சுத்தம்.

நம்ப மாட்டீர்கள். நான் சுண்டலை எடுத்து இவளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறேன், பச்சைக் கோடுகள் நெளிகின்றன. கண் கூசுகிறதோ என்று நினைத்தேன். வட்டம் ஒரு பக்கம் உள்ளே வாங்கியது. அப்புறம் இன்னொரு பக்கம். பார்த்துக்கொண்டே இருக்கையில் பூ மாதிரி விரிந்து நின்றுவிட்டது. அவர் நெற்றியில் விபூதியோடு உள்ளே வந்தார், பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் டீச்சர். ஆம்பளை, சத்தம் வராமல் அழுகிறார். "கொடி, அதுவா திரும்பிடுச்சு. அதுவா." நான் இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு முனியப்பா என்று கும்பிட்டேன்.

எலுமிச்சம்பழத்தைப் பற்றிச் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அவருக்குச் சாமி விஷயத்தில் நம்பிக்கை கம்மி. கேலி செய்வார். பலன் கிடைத்தால் போதாதா?

அதற்கப்புறம் நாலைந்து மாசம் எங்கள் வீட்டில் தினமும் தீபாவளிதான். குரியன் சார், அவருடைய பேராசிரியர், கோட்டயத்துக்காரர், எளிதில் யாரையும் பாராட்ட மாட்டார். அவரே வீட்டுக்கு வந்து என் கையால் புளிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, "திருமாலின் கணக்கு இனிப் பாடப் புத்தகத்தில் வரும்" என்றார். திருமால்தான் என் வீட்டுக்காரர். கட்டுரை வெளிவந்தது. ஜப்பானுக்குக் கூப்பிட்டு, போய்ப் பேசிவிட்டு வந்தார். இவளுக்கு ஒரு குடை வாங்கி வந்தார், காது வைத்த குடை.

மாசியில் ஒரு கடிதம். மேல்நாட்டில் ஒரு கூட்டம் இதே மாதிரி தொட்டி, இன்னும் பெரிதாக வைத்திருக்கிறார்களாம். நாங்களும் அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம், மாறவே இல்லை, உங்கள் தொட்டியை எதுவும் அசைக்கவில்லை என்று உறுதியாகத் தெரியுமா என்று கேட்டிருந்தார்கள். எவ்வளவு திமிர் பாருங்கள். அவர் வீட்டுக்கு வந்து என்னைத்தான் கேட்டார். "கொடி, அன்னைக்கு நான் போனப்புறம் யாராவது உள்ள வந்தாங்களா? தொட்டியைத் தொட்டாங்களா?" நான் அடித்துச் சொன்னேன். "ஒரு ஈ காக்கா உள்ள வரலைங்க. யாரும் தொடலை." அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. அதையே அவர்களுக்கு எழுதினார். என் மனைவி அறையிலேயே இருந்தாள், அவளை நான் நம்புகிறேன் என்று எழுதினாராம். குரியன் சார் சொன்னார். எனக்கு ஒரே பெருமை.

ஆனால் அவர்கள் விடவில்லை. இன்னொரு முறை காட்டுங்கள் என்றார்கள். சரி, காட்டினால் போகிறது என்று இவரும் மறுபடி ஓட்டினார். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று, செக்குமாடு செக்குமாடாகவே ஓடுகிறது. டிபார்ட்மெண்டில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். படத்தைக் கம்ப்யூட்டரில் செய்துவிட்டார் என்று. எதிரில் வந்தால் சிரிக்கிறவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். குரியன் சார் கூப்பிட்டு, "திருமால், ஆடி முடிஞ்சதும் அந்த அறை வேற ஆளுக்கு. அதுக்குள்ள ஒரே ஒரு தடவை. இல்லன்னா கட்டுரையை நாமளே திரும்ப வாங்கிக்கலாம். அதுல என் பேரும் இருக்கு" என்றாராம்.

என் வீட்டுக்காரர் சாப்பாட்டைக் குறைத்தார். அப்புறம் பேச்சைக் குறைத்தார். தொட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். நான் ஜோக் அடிப்பேன், பாட்டு போடுவேன், இவளை ஆட விடுவேன். எங்கேயோ தூரத்தில் நடக்கிற மாதிரி பார்ப்பார். ஒருநாள் கேட்டார், "கொடி, நான் அதை நெஜமாவே பாத்தேனா? நீயும் பாத்தல்ல?" பார்த்தேன் என்றேன். "அப்ப என் கணக்கு தப்பில்ல. அப்ப நான் பொய் சொல்லல. அப்ப ஏன் வரமாட்டேங்குது?" இப்படியே சுற்றிச் சுற்றி. கணக்கு சரியென்றால் தொட்டி தப்பு, தொட்டி சரியென்றால் தான் தப்பு. மனுஷன் தனக்குள்ளேயே சுழி மாதிரி.

போன வாரம் எங்களை ஊருக்கு அனுப்பிவிட்டார். "ஆடி மாசம், அம்மா வீட்டுக்குப் போயிட்டு வா" என்கிறார். புதுப் பெண்ணைத்தான் ஆடிக்கு அனுப்புவார்கள், குழந்தை பெற்று அது குடை பிடித்து நடக்கிற வயசில் என்ன ஆடி என்று நான் சிரித்தேன். பஸ் ஏற்றிவிடும்போது இவளை ரொம்ப நேரம் தூக்கி வைத்திருந்தார். "தேனுவை நல்லா படிக்க வை கொடி. கணக்கு வேணாம், வேற ஏதாவது" என்றார். ஏதோ வெளிநாடு போகிறவர் மாதிரி. இதோ பாருங்கள், கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பாப்பா பைக்குள் போட்டு அனுப்பியிருக்கிறார். ஊருக்குப் போய்ப் பையைத் திறந்தால் கடிகாரம். அவர் அப்பா கொடுத்தது, குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். அவ்வளவு மறதி இப்போது.

நான் ஒரு முடிவோடுதான் கிளம்பினேன். போன தடவை ஒரு பழத்துக்கே திரும்பியது. இந்தத் தடவை பை நிறைய. அவர் டீ குடிக்கப் போகும்போது வைத்துவிட்டால் போதும். வருகிறேன் என்றுகூட அவருக்குச் சொல்லவில்லை.

என்ன டீச்சர் கேட்டீர்கள்? பழம் நசுங்கும்போது தொட்டி ஆடியதா என்றா? ஆட்டம் என்று சொல்ல முடியாது. இப்போது இந்தப் பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கியதே, அதில் கால்வாசி இருக்கும். தண்ணீர் மேலே ஒருமுறை சிலிர்த்தது, மாட்டுத் தோல் சிலிர்க்குமே, அந்த மாதிரி. உடனே அடங்கிவிட்டது.

ஏன் கண்ணாடியைக் கழற்றிவிட்டீர்கள்? ஏன் டீச்சர் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான்தான் சொன்னேனே, யாரும் தொடவில்லை. யாரும் தள்ளவில்லை. தள்ளினால்தான் அது, அவர் சொன்னாரே, ஒருத்தனை யாரோ தள்ளி அவன்...

இல்லை, ஒன்றுமில்லை. தண்ணீர் வேண்டாம். பஸ் காற்று, அதுதான்.

டீச்சர், சூளகிரி தாண்டிவிட்டோமா? ஓசூருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அந்தக் கடிகாரத்தைக் கொடுங்கள். இது மறதி இல்லை, இல்லையா டீச்சர்?

இவளைக் கொஞ்சம் உங்கள் மடியில் வாங்கிக்கொள்ளுங்கள். போன் எங்கே. மணி அடிக்கிறது. அடிக்கிறது. எடுக்க மாட்டேன் என்கிறார். இருங்கள், இன்னொரு முறை. எடுங்கள், எடுங்கள்.

ஏங்க. நான்தான். எங்க இருக்கீங்க? தொட்டிகிட்டயா? சரி. சரி, அங்கயே இருங்க. இல்ல, பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, தூங்கறா. நான் பஸ்ல இருக்கேன், வந்துக்கிட்டு இருக்கேன். திட்டாதீங்க. நான் சொல்றத மட்டும் கேளுங்க. தொட்டியை நிறுத்துங்க. ஆமா, நிறுத்துங்க. இனிமே அதைப் பாக்க வேணாம். நீங்க பொய் சொல்லல. கேக்குதா? நீங்க கனவு காணல, பொய் சொல்லல, படம் நெஜம். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. எப்படின்னு நேர்ல சொல்றேன். போன்ல சொல்ல மாட்டேன், உங்க மூஞ்சியைப் பாத்துத்தான் சொல்லணும். அதுக்கப்புறம் என்னை என்ன வேணா பண்ணுங்க. மூச்சு விடறது கேக்குது. சரி, பேச வேணாம். போனை எடுத்துக்கிட்டு அப்படியே பட்டறைக்கு நடங்க. நடக்கறீங்களா? மஞ்சுநாத் அண்ணன்கிட்ட குடுங்க.

அண்ணா, நான் பூங்கொடி. அண்ணா, அவரை உங்க பக்கத்துலயே உக்கார வச்சுக்குங்க. வெளிய விடாதீங்க, ரூமுக்கும் விடாதீங்க. பாத்ரூம் போனாக்கூடக் கூடப் போங்க. ஏன்னு கேக்காதீங்க. டீ வாங்கிக் குடுங்க, சர்க்கரை தூக்கலா. ஆமாண்ணா. அவர்கிட்டயே குடுங்க போனை.

டீச்சர், நீங்கள் ஓசூரில் இறங்கிவிடுவீர்களே. அந்த மஞ்சள் பையை நீங்கள் எடுத்துப்போய்விடுங்கள். நல்ல பழம்தான், தோல் மெலிசு. ஊறுகாய் போடுங்கள். இல்லை, என்னிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன், எடுத்துப்போய்விடுங்கள்.

ஏங்க, இருக்கீங்களா? கட் பண்ணாதீங்க. காதுலயே வச்சிருங்க. தேனுவை எழுப்பறேன், அவ பேசுவா, நீங்க கேட்டுக்கிட்டே இருங்க. கண்ணு, எந்திரி, அப்பா. அப்பாகிட்ட பேசு. எதாவது பேசு. ஏங்க, அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்கல்ல, காத்திருந்ததெல்லாம் கணக்குல சேராதுன்னு. அது உங்க தொட்டிக்கு. நான் வர்ற வரைக்கும் நீங்க காத்திருக்கறதை நான் கணக்குல வச்சுக்குவேங்க. ஒவ்வொரு நிமிஷமும் வச்சுக்குவேன். காத்திருங்க.